திரேசாவின் கிவிப் பந்தல்

ஜனவரி 19, ஞாயிறு

திரேசாவை மதுரையில் மகள் அருள்மேரி வீட்டில் விட்டுவிட்டு இன்று மலையேறி வந்து சேர்ந்தேன். கிட்னிக்கு மருந்து கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவாள்.

தோட்டத்தில் என்ன விதைத்தோம், எது பூத்தது என்று தேதி போட்டு எழுதி வைப்பது அவள் வேலை. ஐந்தாவது வரை படித்தவள். எனக்கு என் பெயரே எழுத வராது. அதனால் அருள்மேரி போனில் எதையோ அமுக்கிக் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம்.

"என்னத்தப் பேச?" என்றேன்.

"கிவிக் கொடி துளிர்த்துச்சா, பூண்டு எப்படி இருக்கு, கோழி முட்டை வச்சுச்சா, அதைச் சொல்லுங்க. நான் வந்து படிச்சுக்கறேன். உங்க கதை எனக்கு வேண்டாம்" என்றாள் திரேசா.

பூண்டுப் பாத்தியில் உறைபனி விழுந்து நுனி கருகியிருக்கிறது. கோழி முட்டை வைக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

காலையில் பந்தலைப் பார்த்தேன். வலது பக்கத்துக் கொடி அளவாகக் கவாத்துப் போடப்பட்டிருந்தது. இடது பக்கத்துக் கொடி இல்லவே இல்லை. தரையோடு தரையாக ஒரு முண்டு மட்டும் நின்றது.

இதைச் செய்தது பரமன். மேல்மலையில் பேரி, பிளம்ஸ் மரங்களுக்கெல்லாம் கவாத்துப் போடுகிறவன். வெட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்தான், பாராட்டு வாங்க வந்தவன் மாதிரி.

"பழம் பிடிக்காத கொடிண்ணே. பந்தல்ல பாதிய அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. நீங்க அண்ணிக்கு உடம்பு சரியில்லைன்னு அலையுறீங்க, நம்மளால ஆனதுன்னு வெட்டி விட்டேன். கூலியெல்லாம் வேண்டாம்."

"அது ஆம்பளைடா."

"எது?"

"நீ வெட்டுனது. ஆண் கொடி. அது காய்க்காது. அது பூத்து, அந்தத் தூள் இதுல விழுந்தாத்தான் இது காய்க்கும்."

பரமன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பேரி மரத்துல இப்படியெல்லாம் கிடையாதேண்ணே" என்றான். அவனைத் திட்ட வாய் வரவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்பு அரசாங்கத் தோட்டத்தில் திரேசாவும் அவள் தம்பி சூசைமாணிக்கமும் சேர்ந்து போய் வாங்கிய கன்றுகள். ஆளுக்கு ஒரு ஜோடி. எங்கள் ஆண் கொடிக்கு அவள் என் பெயரை வைத்திருந்தாள். "சவரியப்பன் ஒரு வேலையும் பாக்காம நிழல்ல படுத்திருக்காரு பாருங்க" என்பாள். நான் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருப்பேன். யாரைச் சொல்கிறாள் என்று கேட்கமாட்டேன்.

போனில் இதை அவளிடம் சொல்லவில்லை. வந்து படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அப்போது நான் பக்கத்திலேயே இருப்பேன், திட்டு வாங்கிக்கொள்ள.

பிப்ரவரி 6, வியாழன்

முட்டை ஒன்று. போனில் பேசினாள். பக்கத்தில் இருக்கிற மாதிரி கேட்டது. வைத்த பிறகு வீடு பெரிதாக இருந்தது.

மார்ச் 12, புதன்

வலது கொடியில் துளிர். சிவப்பு ரோமத்தோடு, பிறந்த எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது.

அருள்மேரி பேசினாள். "அப்பா, அம்மாவுக்கு வாரத்துக்கு மூணு தடவை மெஷின்ல வச்சு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்னு சொல்லிட்டாங்க."

"எத்தனை வாரம்?"

பேரன் பின்னால் ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்களும் இங்க வந்துருங்கப்பா."

"பூண்டை யாரு புடுங்குவா? கோழிய யாரு அடைப்பா?"

அவள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள். திரேசா என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. "கொடி துளிர்த்துச்சா?" என்றாள். துளிர்த்தது என்றேன். ஒரு கொடி என்று சொல்லவில்லை.

"போன வருசந்தான் குரங்கு தின்னுடுச்சு. இந்த வருசம் ஒரு பழமாவது எனக்குக் காட்டணும், ஆமா."

போன வருஷம் முதல்முதலாக மூன்று காய் பிடித்தன. தினம் போய்த் தொட்டுப் பார்ப்பாள். பறிக்கலாம் என்று கூடையை எடுத்துக்கொண்டு போன காலையில் மூன்றும் இல்லை. ஒன்றைக் கடித்துக் கீழே போட்டிருந்தது குரங்கு. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கும் புளிச்சிருக்கு போல" என்று சிரித்தாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அப்போதே முகம் லேசாக வீங்கித்தான் இருந்தது. அழுதாள், அதனால் வீக்கம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு. ஈஸ்டர்

பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். கிவிப் பழத்தைப் பற்றிக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னது: ஆரஞ்சைவிட இதில் சத்து அதிகம், சளி அண்டாது, மலச்சிக்கல் இருக்காது. பஸ் டிரைவர் சொன்னது: மச்சினனுக்கு டெங்கு வந்தபோது தினம் இந்தப் பழம்தான் வாங்கிப் போனார்களாம், அது பண்ணியதா மருந்து பண்ணியதா தெரியாது, எழுந்து உட்கார்ந்துவிட்டான். பழக்கடைப் பெண் சொன்னது: படுக்கப் போகுமுன் இரண்டு தின்றால் தூக்கம் வரும். குறுக்கே வெட்டி ஸ்பூனால் தோண்டித் தின்ன வேண்டும். ரோமத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தோலோடும் தின்னலாம். பாலில் அடித்தால் உடனே குடித்துவிட வேண்டும், வைத்தால் கசந்துவிடும். நாக்கு அரிக்கிறவர்கள் தொடக் கூடாது.

ஒன்றையும் மறக்கமாட்டேன். எழுத்துத் தெரியாதவனுக்கு மனசுதான் பை.

மலச்சிக்கல், தூக்கமின்மை, தெம்பில்லாதது. எல்லாம் திரேசாவுக்கு இருக்கிறது. அவளுக்காகவே உண்டான பழம் போல இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

மொட்டு வந்துவிட்டது. பந்தல் நிறைய. தூள் கொடுக்க ஆண் பூ ஒன்றுகூட இல்லை.

இந்த மலையில் எனக்குத் தெரிந்து ஆண் கொடி சூசையிடம்தான் இருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.

அருள்மேரி கல்யாணத்தில் தாய்மாமன் மாலைதான் முதலில் விழ வேண்டும். சூசை திண்டுக்கல்லில் சொல்லி வைத்துப் பெரிய மாலையாக வாங்கி வந்தான். போட்டோ பிடிக்கிறவன் அவசரப்பட்டு மாப்பிள்ளை வீட்டாரை மேடையில் ஏற்றிவிட்டான். அவர்கள் மாலை விழுந்துவிட்டது. சூசை தன் மாலையை நாற்காலி மேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினான். திரேசா மூன்று தடவை போய்க் கூப்பிட்டாள். நான் போகவில்லை. போட்டோக்காரன் செய்ததற்கு நான் ஏன் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மே 3, சனி

முதல் பூ விரிந்துவிட்டது. இனிமேல் யோசிக்க நேரமில்லை.

தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம் வைத்து, மேலே புதுத் துண்டு ஒன்றை விரித்து எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். சூசை வாசலில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தான். கல்யாணம் கட்டாதவன். தட்டைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

"யாருக்கு விசேஷம்?"

"உங்க அக்கா வீட்டுலதான். பொண்ணு தயாரா நிக்குது. ஆம்பளை கேட்டு வந்திருக்கேன்."

"எனக்கு அறுபத்திரெண்டு ஆயிருச்சு. கொஞ்சம் லேட்டு."

விஷயத்தைச் சொன்னேன். பீன்ஸ் கூடை உருளும்படி சிரித்தான். "பரமன் கையில கத்தியக் கொடுத்தா கோயில் கொடிமரத்தையும் கவாத்துப் போட்டுருவான்" என்றான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"மாலை போடக் கூப்பிடல. பூ வேணும்னா வர்றீங்க."

"அதுக்குத்தான் தட்டோட வந்தேன். முன்னாடியே வந்திருக்கணும்."

"அக்கா எங்க? அது இல்லாம நீங்க எங்கயும் போக மாட்டீங்களே."

"மதுரையில, மக வீட்டுல. நல்லா இருக்கா."

"எப்பப் போச்சு?"

"பொங்கல் கழிச்சு. நல்லா இருக்கா."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். மேலிருந்து கீழ்வரை. "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க, மச்சான்" என்றான். எழுந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்றான். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மே 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பனி விலகியதும் சூசை ஒரு கூடை ஆண் பூவோடு வந்தான். என் துண்டைத் தோளில் போட்டிருந்தான்.

ஆண் பூவின் நடுவில் மஞ்சள் தூள் மட்டும்தான். பெண் பூவின் நடுவில் வெள்ளை முடிகள் குட்டி நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். அதன் மேல் ஆண் பூவைக் கவிழ்த்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். அவன் ஸ்டூல் மேல் நின்றான். நான் கீழ்க் கிளைகளைப் பார்த்தேன். இரண்டு கிழவர்கள் பூவைப் பூவோடு உரசிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பரமன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"நானும் வரட்டாண்ணே?"

"கத்திய அங்கேயே வச்சிட்டு வா" என்றான் சூசை.

வேலை முடிந்ததும் சூசை கோயில் மாலையிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் நூலைப் பெண் கொடியின் அடியில் கட்டினான். "தாய்மாமன் முறை. இந்தத் தடவை போட்டோக்காரன் இல்ல" என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

காய் பிடித்துவிட்டது. குண்டுமணி அளவு இருந்து இப்போது நெல்லிக்காய் அளவு. குரங்குக்காகப் பழைய மீன்வலையைப் பந்தல் மேல் போட்டோம்.

திரேசாவிடம் சொன்னேன். "ரோமம் வந்திருக்கா? கன்னுக்குட்டி மூக்கு மாதிரி இருக்குமே" என்றாள். வந்திருக்கிறது என்றேன். "பாக்கணும் போல இருக்குங்க" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், காயை அல்ல.

தண்ணீர் அளந்துதான் குடிக்கிறாளாம். நம் ஊற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கிடைத்தால் போதும் என்றாள்.

ஜூலை 26, சனி

மழை. வெட்டிய முண்டில் ஒரு துளிர். அவள் சேலை ஒன்றை எடுத்து வீட்டுக்குள் கயிற்றில் விரித்துப் போட்டேன். பூசணம் பிடிக்கக் கூடாது என்றுதான்.

செப்டம்பர் 8, திங்கள். மாதா பிறந்தநாள்

சூசை போன வாரம் மதுரை போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தான். இன்று கிழட்டுச் சேவல் ஒன்றை அடித்துக் கொண்டுவந்தான். அவன் கொடியிலிருந்து ஒரு பிஞ்சுக் கிவியைப் பறித்து, நசுக்கிக் கறியில் புரட்டி வைத்தான். "கல்லு மாதிரி கறியும் பஞ்சாயிரும், மச்சான். ரொம்ப நேரம் வச்சா கூழாயிரும்." உண்மைதான், பல்லில்லாத எனக்கே கறி இறங்கியது.

"அக்கா என்ன சொன்னா?"

"கொடியப் பாத்துக்கடான்னு சொல்லுச்சு."

"வேற?"

எலும்பை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். "நீங்க கீழ போயிருங்க, மச்சான். தோட்டத்த நான் பாத்துக்கறேன்."

"பழம் பறிச்சு எடுத்துக்கிட்டுத்தான் போவேன். தின்னு தெம்பானா அவளே வந்துருவா."

அவன் கையைக் கழுவிவிட்டு வலையைச் சரிபார்க்கப் போனான். வலை சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

பறித்தோம். ஒரு கூடை நிறைந்தது. எல்லாம் கல் மாதிரி இருக்கிறது. கொடியில் பழுக்காது, பறித்து வைத்துத்தான் பழுக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் ஓர் ஆப்பிளோடு பொதிந்து வைத்தேன். ஆப்பிள் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் கனியுமாம். பக்கத்தில் யாராவது இருந்தால் எதுவும் சீக்கிரம் ஆகிறது.

பரமன் ஒன்றை அப்படியே கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தான். நான் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. முதல் பழம் அவளுக்கு.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைத்தேன். பக்கத்தில் எங்களுக்கென்று விட்டிருக்கும் இடத்தில் புல் முளைத்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பழம் லேசாக அமுங்குகிறது.

நவம்பர் 9, ஞாயிறு. மதுரை

நேற்று வந்தேன். திரேசா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை மெலிந்து, கால் வீங்கி இருந்தது. ஒரு கையில் வளையலைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அந்தக் கையில்தான் ஊசியாம். "மலைக் குளிரு உங்க சட்டையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்று என் சட்டையை முகர்ந்தாள்.

பையைச் சமையல்கட்டில் வைத்தேன். அருள்மேரி திறந்து பார்த்தாள். அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"அப்பா, இத அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாதுப்பா."

"நல்லாக் கனிஞ்சிருச்சும்மா, புளிக்காது."

"அதுக்கில்லப்பா. இதுல பொட்டாசியம்னு ஒண்ணு ஜாஸ்தி. நமக்கெல்லாம் அது சத்து. அம்மாவோட கிட்னி அத வெளியேத்தாது. ரத்தத்துல சேந்துச்சுன்னா இதயமே நின்னுரும். வாழைப்பழம், இளநி எதுவுமே கூடாது. மார்ச் மாசமே டாக்டர் சொல்லிட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."

நர்ஸம்மா சொன்னது, டிரைவர் சொன்னது, பழக்கடைப் பெண் சொன்னது எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஊருக்கெல்லாம் நல்லது. என் பெண்டாட்டி ஒருத்திக்கு ஆகாது.

திரேசாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? கூரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. சூசை வீட்டுப் படி ஏறியிருப்பீங்களா?"

"உனக்காகத்தான் ஏறுனேன்."

"தெரியும். அவன் வந்து இந்தக் கட்டில்ல உக்காந்து அழுதான். அஞ்சு வருசம் கழிச்சு."

"தின்னக் கூடாததுக்கா இத்தனை பாடு?"

"தின்னணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். பனிக்காலத்திலிருந்து அவள் பேசிய ஒவ்வொரு பேச்சும் எனக்குள் இருக்கிறது. காட்டணும் என்றாள். பாக்கணும் போல இருக்கு என்றாள். ஒரு தடவைகூடத் தின்னணும் என்று சொல்லவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

"எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஒன்றைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். ரோமத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வெட்டுங்க" என்றாள். குறுக்கே வெட்டினேன். நடுவில் வெள்ளை, அதைச் சுற்றிக் கறுப்பு விதை வரிசையாக, அப்புறம் மழைக்குப் பிறகு நம் சரிவில் வருமே, அந்தப் பச்சை. விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். திருப்பி என்னிடமே நீட்டினாள்.

"தின்னுங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

"என்னால முடியாது."

"நான் பாக்கணும்."

ஸ்பூனால் தோண்டி வாயில் வைத்தேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

"சொல்லுங்க."

"முதல்ல நெல்லிக்காய் தின்னுட்டு ஊத்துத் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு."

அவள் தொண்டை ஏறி இறங்கியது. "அப்புறம்?"

"அப்புறம் தவிட்டுப் பழம். கல்யாணம் ஆன வருசம் சரிவுல பறிச்சு மடியில கட்டிக்கிட்டு வருவியே, வாயெல்லாம் ஊதாவா, அது மாதிரி. கடைசியில நாக்குல பொடிசாக் குத்துது."

"எப்படி?"

"நீ கோவத்துல பேசாம இருப்பியே, அப்படி."

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "இன்னொரு வாய்" என்றாள். பழம் முடியும்வரை தின்றேன். அவள் உதட்டை நக்கிக்கொண்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு. மதுரை

மேலே போய் வீட்டுச் சாவியையும் கோழியையும் சூசையிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். முண்டில் வந்த துளிர் இப்போது என் உயரம் இருக்கிறது. பரமன் அதைச் சுற்றி முள் வேலி கட்டி, தான் வந்தால்கூடத் தாண்ட முடியாதபடி பண்ணி வைத்திருக்கிறான்.

மிச்சப் பழத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். உள்ளே மெஷினில் படுத்திருப்பவர்கள் தின்னக் கூடாது. வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் தின்னலாம். ஒருவர் அண்ணன், ஒருத்தி மருமகள், இரண்டு பேர் என்னைப் போலப் புருஷன்மார். குறுக்கே வெட்டிக் கொடுத்தேன், ஒரே ஸ்பூனைக் கழுவிக் கழுவித் தின்றோம். வெளியே வந்த திரேசா எங்கள் எல்லோர் வாயையும் ஒரு தடவை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கேட்டாள். ஜனவரியிலிருந்து படித்தாள். ஆண் கொடியை வெட்டிய இடத்தில், "அடப் பாவி பரமா" என்றாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். திட்டு என் பங்குக்கு வரவில்லை.

சூசையிடம் நான் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். "நான் நல்லா இருக்கேன்னு ரெண்டு தடவை சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. போனை என் கையில் கொடுத்தாள்.

"கொடி கதை போதும். நான் இல்லாத அந்த வீட்டுல நீங்க எப்படி இருந்தீங்கன்னு ஒரு வரிகூட இல்ல. உங்க கதையச் சொல்லுங்க. நான் இருக்கும்போதே."

சொல்கிறேன், திரேசா. ஜனவரி பத்தொன்பதாம் தேதி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டைத் திறந்தேன். உன் செருப்பு வாசலிலேயே கிடந்தது.